முந்திரி மாலின் பின்வாசல்

முதல் நாள் காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே என் அறிக்கையின் கடைசி வரி மனத்தில் தயாராகிவிட்டது: மூடிவிடலாம். கட்டடத்தை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடம் பேரங்காடியில் குப்பை கொட்டியவனுக்கு இந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். நாங்கள் பேரங்காடி என்று சொல்வதைக் கடலூரில் மாலு என்கிறார்கள். கோலாலம்பூருக்கு வெளியே, புறநகரில், பெரிய பேரங்காடி ஒன்றில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்து மேலாளராக வெளியே வந்தேன். அதன் பிறகு வீட்டில் என் மனைவியின் சமையலறையை நிர்வகிக்கப் பார்த்து, அடி வாங்காத குறையாக வெளியேற்றப்பட்டேன். அந்த நேரத்தில்தான் பண்ருட்டியிலிருந்து தேன்மொழி எழுதிய மின்னஞ்சல் வந்தது.

தேன்மொழியின் அப்பா பழனிவேல் பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. முந்திரியில் சம்பாதித்ததைப் போட்டு, கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் ஒரு மால் கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் நீளமானது. ஊர் வைத்த பெயர் முந்திரி மாலு. இப்போது அதில் முக்கால்வாசிக் கடைகள் காலி. கட்டடம் முழுவதையும் கிடங்காக எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனம் கேட்கிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாராம்: "அந்த மலேசியாக்காரரு வந்து பாக்கட்டும். அவுரு மூடச் சொன்னா மூடறேன்."

என்னைக் குறிப்பிட்டுக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் உறவினர் கல்யாணத்துக்கு மலேசியா வந்தவர், கூட வந்தவர்களெல்லாம் பத்துமலைக்குப் போயிருந்தபோது மூன்று நாள் எங்கள் பேரங்காடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காவலாளிகள் அவரை என் அறைக்குக் கூட்டிவந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத் தரையை அளந்து, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "எதுக்கு ஐயா கால்ல அளக்கறீங்க?" என்று கோப்பி வாங்கிக் கொடுத்து, எங்கள் விளம்பரப் புத்தகத்தையும் அதற்குள் இருந்த தள வரைபடத்தையும் என் முகவரி அட்டையோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். பிறகு அவரை மறந்தே போனேன்.

அந்த வரைபடத்தை வைத்துத்தான் அவர் கடலூரில் மால் கட்டியிருக்கிறார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பேரங்காடி இப்போது இல்லை. கூட்டம் குறைந்து, கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, போன வருடம் அடியோடு இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. தேன்மொழி தொலைபேசியில், "உங்க மாலு எப்படி அங்கிள் இருக்குது? அப்பா கேக்கச் சொன்னாரு" என்றபோது, நன்றாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டேன். மூழ்கிய கப்பலின் மாலுமியை யாராவது யோசனை கேட்க அழைப்பார்களா? வெட்கமாக இருந்தது. அதனால் பொய் சொன்னேன்.

தேன்மொழி தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். பேச்சும் ஓட்டுவதும் ஒரே வேகம். முதுநகரின் மீன் வாடை கழிந்து, வெளிச்சமான வயல்கள் வந்து, சாலையின் இடது பக்கம் ஒரு பெரிய வெள்ளைச் சுவர் வந்தது. ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது. ஓரத்தில் ஓர் இரும்பு ஷட்டரும் ஒரு ஜெனரேட்டரும் மட்டும் இருந்தன.

"இது என்னம்மா, ஜெயிலா?" என்றேன்.

"இதுதான் அங்கிள் நம்ம மாலு. இது பின்பக்கம்."

முன்பக்கம் போக ஒரு மண் சந்துக்குள் திரும்பி, கட்டடத்தை முழுக்கச் சுற்ற வேண்டியிருந்தது. இறங்கியதும் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக் கூரை, அகலமான படிகள், நடுவில் தண்ணீர் இல்லாத நீரூற்று. போன வருடம் என் கண் முன்னால் இடித்துத் தள்ளிய முகப்பு, இங்கே முழுசாக நின்றுகொண்டிருந்தது. செத்துப்போனவரை வேற்றூர்ச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்த இடத்தில் ரயில் நிலையம் இருந்தது. வேலை விட்டு வருகிறவர்கள் நிலையத்தை விட்டு இறங்கி நேராக எங்கள் படியில் ஏறுவார்கள். அதற்காகவே சாலைக்கு முதுகைக் காட்டி, முகப்பை அந்தப் பக்கம் வைத்தோம். இங்கே இருந்தது ஒரு வயல், ஒரு முள்வேலி, அதற்கப்பால் தண்டவாளம். தண்டவாளம் உண்டு, நிலையம் கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ரயில் கடந்து போனது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்ஜினீயர் எவ்ளோ சொல்லிப் பாத்தாரு, ரோட்டுப் பக்கம் வாசல் வைக்கலாம்னு. அப்பா ஒரே பிடிவாதம். அங்க எப்படியோ அப்படியேதான்னுட்டாரு. வாஸ்து பாக்க வந்தவரும் கெழக்கு வாசல் அமோகம்னு சொல்லிட்டாரா, அதோட பேச்சு முடிஞ்சிபோச்சி" என்றார் தேன்மொழி.

உள்ளே நடந்தோம். மூன்றாவது தூணைச் சுற்றி வட்டமாக ஒரு பளிங்கு இருக்கை. எங்கள் ஊரில் கூரை ஒழுகி அந்தத் தூணடியில் வாளி வைக்க வேண்டியிருந்தது. வாளியை மறைக்கத்தான் இருக்கை கட்டினோம். பழனிவேல் ஒழுகாத கூரைக்குக் கீழே அதையும் கட்டியிருக்கிறார். இரண்டாம் மாடியில், கால் கழுவக் குழாய்களோடு ஒரு தொழுகை அறை. காப்பியடித்ததில் அது ஒன்றுதான் திறந்த நாளிலிருந்து சரியாகப் பயன்படுகிறதாம். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் பின்பக்கம் எங்கோ செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாராம். மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு அங்கே ஏறிப் போவாராம். மற்றபடி அந்தப் பெரிய கூடத்தில் எங்கள் இருவரின் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

மதியம் முதுநகரில் மீன் சாப்பாடு. சங்கரா வறுவலும் நெத்திலிக் குழம்பும். எங்கள் ஊர் அசாம் பெடாஸ் என்ற புளிப்பு மீன் குழம்பைவிட ஒரு படி மேல் என்று எழுதினால் கிள்ளானில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், ஆனாலும் எழுதுகிறேன். பரிமாறியவர், "மலேசியாவா சார்? அப்ப காரம் தாங்குவீங்க" என்று தானே முடிவு செய்துகொண்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். தாங்கவில்லை.

சாயங்காலம் என் பழைய சகா அஸ்மான் கூப்பிட்டார். மலாயில் அவர் கேட்டது இதுதான்: "உள்ளூரில் ஒரு பேரங்காடி சாவதைப் பார்த்தது போதாதா? இன்னொன்றின் சாவுக்கு விமானம் ஏறிப் போக வேண்டுமா?" சிரித்துவைத்தேன்.

இரண்டாம் நாள், வாடிக்கையாளர் எப்படி வருவாரோ அப்படியே வந்து பார்ப்போம் என்று தேன்மொழியின் காரை வேண்டாம் என்றுவிட்டுத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் போனேன். சிதம்பரம், சிதம்பரம் என்று கூவிக்கொண்டிருந்த பேருந்தில் ஏறினேன். வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான் நடத்துநர் என்னிடம் வந்தார்.

"முந்திரி மாலா? அங்கல்லாம் நிக்காது பெரியவரே. ஏறும்போதே கேக்கக் கூடாதா? இது பாயிண்ட் டு பாயிண்ட்."

"அப்ப எங்கதான் நிக்கும்?"

"சிதம்பரத்துல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாம். வெள்ளைச் சுவர் ஜன்னலில் வந்து, நீளமாக ஓடி, மறைந்தது. "நானும் மூணு வருசமா இந்த வழியாத்தான் போறேன். இதுக்குள்ள போற வழி எங்க இருக்குதுன்னே தெரியாது சார்" என்றார். கணக்கு வாத்தியாருக்கே விடை தெரியாத கட்டடத்துக்குள் வேறு யார் போவார்கள்?

சிதம்பரத்தில் இறங்கியவனுக்கு வேறு வேலை இல்லை, சாப்பிட்டேன். மிளகும் சீரகமும் மணக்கும் சம்பா சாதம், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கொத்சு. கொத்சை இரண்டாவது முறை கேட்டு வாங்கியபோது, பேருந்து நிற்காமல் போனதும் நல்லதற்குத்தான் என்று தோன்றியது. பிறகு தேரோடும் வீதிகளில் நடந்தேன். எந்த வீதியில் திரும்பினாலும் ஒரு கோபுரம் கண்ணில் படுகிறது. உள்ளே போக எது வழி என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்துவிட்டு, நாங்கள் கொடுத்த வரைபடத்தை நம்பினார்களே என்று எரிச்சலாகவும் வந்தது.

வெயில் தாங்காமல் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்து, மனைவிக்குப் புடவை என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். நடுவே வெள்ளை விரிப்பில் ஒரு கல்யாணக் கூட்டம். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று பேர். பக்கத்தில் கிள்ளை என்ற ஊரிலிருந்து வேன் பிடித்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். பெண்ணுக்குப் பிடித்தால் மாப்பிள்ளையின் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பிடித்தால் பெரியம்மாவுக்குக் கரை சின்னதாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ராஜேந்திரன் எதிலும் வாய் கொடுக்காமல் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கடை தொறக்கும்போதே வந்துட்டோம் சார். இன்னும் ஒரு பொடவ முடியல" என்றார். "இதுல ஜாக்கெட்டு வேற தைக்கணும். அடுத்த வாரம் கல்யாணம். டைலருங்க எல்லாம் இப்ப முடியாதுங்கறாங்க."

எங்கள் கணக்கில் ஒரு வாடிக்கையாளர் என்றால் ஓர் ஆள், ஒரு தள்ளுவண்டி, அதிகம் போனால் ஒரு மணி நேரம். எங்கள் இருக்கைகள், நடைபாதைகள், கழிப்பறைகள் எல்லாம் அந்த ஓர் ஆளுக்காக அளந்து கட்டியவை. இங்கே ஒரு வாடிக்கையாளர் என்றால் இருபத்து மூன்று பேர், ஒரு முழு நாள்.

மணி ஒன்றானதும் கடைக்காரரே எழுந்துவந்து, "மாடில பாய் போட்டிருக்குது, சாப்ட்டுட்டு வந்து பாருங்க" என்றார். வேனிலிருந்து தூக்குச்சட்டிகள் மாடிக்கு ஏறின. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாங்காய் ஊறுகாய். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். சம்பா சாதம் இன்னும் வயிற்றில்தான் இருந்தது. ஆனால் மறுக்க மனம் வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே, கடலூர் வழியில் பெரிய மால் இருக்கிறதே, அங்கே போவதில்லையா என்று கேட்டேன்.

ராஜேந்திரன் கையை உதறினார். "போனமே சார்! எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு போனோம். சுத்திக்கினு போயி வாசலக் கண்டுபிடிச்சா, சோத்த உள்ள கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. போர்டே வச்சிருக்காங்க. கல்யாண ஜவுளி எடுக்கப் போறவன் சோறு கட்டாம போவானா? கொழந்தைங்க இருக்குது, வயசானவுங்க இருக்காங்க. வெயில்ல உக்காந்து சாப்ட்டுட்டு அப்படியே திரும்பி வந்துட்டோம். எங்க பெரியம்மா இன்னமும் அத சொல்லிச் சொல்லித் திட்டுது."

'வெளியிலிருந்து உணவு கொண்டுவர அனுமதி இல்லை.' எங்கள் விளம்பரப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சடித்திருந்த விதிகளில் முதல் விதி அது. எழுதியவன் நான். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பெரியம்மா என் இலையைப் பார்த்து, "கூச்சப்படாம சாப்புடுப்பா" என்று இன்னும் ஒரு கை அள்ளி வைத்தார். கிளம்பும்போது ராஜேந்திரனின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் தேன்மொழியின் காருக்கே திரும்பினேன். பின்பக்கமே நிறுத்தச் சொன்னேன். இரும்பு ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. சரக்கு இறக்கும் வாசல் அது. குனிந்து நுழைந்தால், முதல் நாள் என் கண்ணில் படாத ஒரு கடைத்தெரு! சரக்கு லிஃப்ட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள நடைபாதையில் பன்னிரண்டு கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஜெராக்ஸ், வளையல், பழச்சாறு, செல்போன், கடைசியில் ஜாக்கெட் தையல். ஜெராக்ஸ் கடையில் நாலைந்து பேர் ஆதார் அட்டையோடு நின்றார்கள். வழி தெரிந்தவர்கள் மட்டும் குனிந்து வருகிறார்கள்.

தையல் கடை ஸ்டெல்லா முதுநகர்க்காரர். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். மூன்று பெண்களை வைத்துத் தைக்கிறார். எடுத்த எடுப்பிலேயே, "மூட வந்த சாரு நீங்கதானா?" என்றார்.

பார்க்கத்தான் வந்தேன் என்றேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப உக்காந்து முழுசாக் கேட்டுட்டுப் போங்க" என்று தைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பேரங்காடிக்கு வழவழப்பான தாளில் அச்சடித்த வரலாறு இருந்தது. இந்த மாலின் வரலாற்றைச் சொன்னது ஸ்டெல்லாதான்.

திறந்த அன்றைக்கு ஊரே வந்ததாம். வந்தவர்கள் தரையின் பளபளப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்புக் குவியல். யாருக்கும் சோடி கிடைக்கவில்லை. காவலாளி கோவிந்தன் ராத்திரிச் சாப்பாட்டை மறந்து சோடி சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நகரும் படியில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற ஸ்டெல்லா பெண்களுக்குக் கைகொடுத்தாராம். "அன்னிக்கி நாலு பேரு எனக்கு ஜாக்கெட்டு துணி குடுத்தாங்க. படியில கை புடிச்ச பழக்கம்."

பிறகு கூட்டம் வடிந்தது. பெரிய மளிகைக் கடை வந்தது, போனது. சினிமா தியேட்டர் வரும் என்றார்கள். நாற்காலிகள் மட்டும் வந்தன. ஒரு புயலில் கண்ணாடிக் கூரையின் ஓரம் பெயர்ந்தது, பிறகு மாற்றினார்கள். அந்தப் புயலில் கடலோரக் குடும்பங்களை லாரியில் கொண்டுவந்து இங்கேதான் தங்கவைத்தார்கள். லாரி சாலைப் பக்கம் நின்றதால், சரக்கு வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். ஒரு வாரம் இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த வழி அவர்களுக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்க, ஜெராக்ஸ் எடுக்க என்று அதே வாசலில் வந்தார்கள். அதைப் பார்த்து முதலில் ஜெராக்ஸ்காரர் கடையைப் பின்னால் மாற்றிக்கொண்டார். அடுத்து ஸ்டெல்லா. பிறகு ஒவ்வொருவராக முகப்பை விட்டுக் கழிப்பறைப் பக்கம் குடியேறினார்கள்.

"மூணு தபா அய்யாகிட்ட போய் கேட்டாச்சி சார். இந்த சொவத்த இடிச்சி ரோட்டப் பாத்து ஒரு வாசல் வைங்க, நாங்க பொழச்சிக்கிறோம்னு. அய்யா நல்லவருதான். ஆனா ஒவ்வொரு தபாவும் ஒரே பேச்சு. 'அங்க அப்படி இல்லையேம்மா.'" தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் கடைய வச்சிதான் என் பொண்ணப் படிக்க வச்சேன். இந்த மூணு பொண்ணுங்க வீட்லயும் அடுப்பெரியுது. உங்க ஊர்ல உங்க மால மூடறாங்கன்னா நீங்க என்னா பண்ணுவீங்க, சொல்லுங்க?"

சொல்லிவிட்டேன். மூடிவிட்டார்கள், இடித்துவிட்டார்கள், நான் வேலியோரம் நின்று பார்த்தேன், வேறொன்றும் செய்யவில்லை என்றேன். என் மனைவியிடம்கூட இந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னதில்லை.

ஸ்டெல்லா நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாம ஊருக்குப் போயிடாதீங்க சார்."

திரும்பும்போது காரில் தேன்மொழியிடமும் சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். "இத நீங்களேதான் அப்பாகிட்ட சொல்லணும் அங்கிள். நான் சொன்னா, மூடறதுக்கு நான் கத கட்டறேன்னு நெனப்பாரு. ஆனா ஒண்ணு. அது போச்சின்னு தெரிஞ்சா, இது எதுக்குன்னு அந்த எடத்துலயே கையெழுத்துப் போட்டாலும் போட்டுடுவாரு."

உண்மையைச் சொன்னால் மால் போய்விடலாம். சொல்லாவிட்டால் சுவர் அப்படியே நிற்கும், மால் தானாகவே போய்விடும். அறைக்கு வந்ததும் செய்ய முடிந்த ஒரே நல்ல காரியத்தைச் செய்தேன். ராஜேந்திரனைக் கூப்பிட்டு, ஜாக்கெட்டை ஒரே நாளில் தைத்துக் கொடுக்கிற ஆள் இருக்கிறார், சோற்றையும் கட்டிக்கொண்டு வாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள் என்றேன். உணவு கொண்டுவரக் கூடாது என்ற பலகையைக் கழற்றச் சொல்லித் தேன்மொழியிடம் காரிலேயே கேட்டிருந்தேன், அவரும் ஆள் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. கோவிந்தன் ஷட்டரை முழுசாகத் தூக்கினார். துருப்பிடித்த ஷட்டர் கத்திக்கொண்டு மேலே போனது. கிள்ளைக் கூட்டம் முழுவதும் தூக்குச்சட்டிகளோடு உள்ளே வந்தது. அரை மணி நேரத்தில் ஸ்டெல்லா கடை முன் கழுத்து எப்படி வெட்டுவது என்று நாலு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பிள்ளைகள் பழச்சாறு கடையைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா வளையல் கடையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

என் முடிவைக் கேட்கப் பழனிவேல் வந்தது பன்னிரண்டரைக்கு. ஓட்டுநர் பின்பக்கம் நிறுத்தப் பார்த்தும் கேட்காமல், சுற்றிக்கொண்டு போய் முகப்பில்தான் இறங்கினார். கைத்தடி ஊன்றிக்கொண்டு வெறும் கூடத்தைக் கடந்து மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி இருக்குது தம்பி, உங்கது மாதிரியே இருக்குதா?" அப்படியே இருக்கிறது ஐயா என்றேன். அது பொய்யில்லை. பிறகு சத்தம் வந்த பக்கம் நடந்தார். நடைபாதை திருப்பத்தில் நின்றுவிட்டார்.

ஜெராக்ஸ் கடைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே பாய் விரித்து, இலை போட்டு, இருபது பேருக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா புளிசாதம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இவுங்கல்லாம் எந்த வழியா வந்தாங்க?" என்றார் பழனிவேல்.

கோவிந்தன் தரையைப் பார்த்தார். ஸ்டெல்லாதான், "சரக்கு வாசல் வழியா அய்யா" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல இப்படி வுடுவீங்களா தம்பி?"

"விடமாட்டோம் ஐயா" என்றேன். "சோறு கொண்டு வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்புவோம். நான்தான் அந்த விதியை எழுதினேன். எங்களுக்கு ரயில் நிலையம் இருந்தது, கூட்டம் தானா வந்தது, யார் வர்றாங்கன்னு நாங்க பார்க்கவே இல்ல. ஆளுங்க வர்றது நின்னதும் என்ன செய்யறதுன்னு தெரியல. போன வருசம் இடிச்சிட்டாங்க ஐயா. நான் உங்க மகள்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவர் ஸ்டெல்லாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தேன்மொழியின் கையில் அந்த நிறுவனத்தின் கடிதம் இருந்தது. அதையும் பார்த்தார், சாப்பிடுகிறவர்களையும் பார்த்தார். ஸ்டெல்லா நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு நடப்பது எதுவும் தெரியாது. யாரோ வயதானவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து ஓர் இலையில் புளிசாதம் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார்.

"அப்பன்னா ஒலகத்துலயே இப்ப இது ஒண்ணுதான் இருக்குது" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "இனிமே யாரப் பாத்து கட்டறது தேனு? கொத்தனார வரச் சொல்லு. அந்தக் காயிதத்த திருப்பி அனுப்பிடு."

தேன்மொழி அழுதார், அதை மறைக்கவும் இல்லை. பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து சாலைப் பக்கச் சுவர் முன் நின்றார். "எங்க இடிக்கலாம் தம்பி? நீங்க சொல்லுங்க."

எனக்கு உடனே பதில் வந்தது. எந்தத் தூணிலிருந்து எத்தனை அடி என்பதுவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "அவங்களக் கேளுங்க ஐயா" என்று ஸ்டெல்லாவைக் காட்டினேன்.

ஸ்டெல்லா துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு போனார். சுவரில் கைக்கு எட்டிய உயரத்துக்கு ஒரு கோடு, நாலைந்து அடி தள்ளி இன்னொரு கோடு போட்டுவிட்டுத் திரும்பி, போதுமா என்பது போலப் பார்த்தார்.

சாப்பிட்ட கையோடு பின்னால் வந்து நின்ற ராஜேந்திரன் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் அகலமாப் போடுக்கா. எங்க சனம் ஜாஸ்தி."